பச்சை உறையின் நாலாவது பாட்டு

எங்கள் கண்ணாடிப் பட்டறையில் ஒரு விதி உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டை அங்கே போடக் கூடாது. புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் இதை முதலாளியின் கிறுக்குத்தனம் என்றே நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த விதி ஒரு வழக்கறிஞரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து பிறந்தது என்பதை நான் பணிவுடன் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்தது அது. வானொலியில் அந்தக் காலத்து ராக் குழு ஒன்றின் மிகவும் புகழ்பெற்ற பாட்டு வந்திருக்கிறது. கூடச் சேர்ந்து பாட எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பதும் தெரியும். தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியக்காவின் கால் முதலில் ஆடியது. காலைப் பார்த்துத் தோள் ஆடியது. தோளைப் பார்த்துக் கை ஆடியது. லென்ஸ் சற்றே திரும்பிவிட்டது. அதை அணிந்துகொண்டு போன வழக்கறிஞர் மறுநாளே திரும்பி வந்து, நீதிமன்றத்துப் படிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிகிறது என்றும், நீதிபதியே சாய்ந்துதான் தெரிகிறார் என்றும் முறையிட்டாராம்.

அன்றே முதலாளி சட்டம் போட்டுவிட்டார். தெரிந்த பாட்டு ஆளை ஆட வைக்கும்; தெரியாத பாட்டுத்தான் வேலையைப் பார்க்க விடும். வானொலிக்கு விடை கொடுக்கப்பட்டது. மூடிவிட்ட ஒரு கடையிலிருந்து அவர் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்த பழைய ராக் இசைத்தட்டுகள் பட்டறைக்கு வந்தன. பெரும்பாலானவற்றின் அச்சிட்ட உறைகள் எங்கோ போய்விட்டன. வெவ்வேறு நிறக் காகித உறைகளில்தான் அவை இருந்தன. தட்டுக்கு ஒன்றிரண்டு புகழ்பெற்ற பாட்டுகள் இருக்கவே செய்யும். அவை வரும்போது யாராவது எழுந்து, ஊசியைத் தூக்கி, அடுத்த பாட்டில் வைத்துவிட வேண்டும். அதனால் உலகமே கொண்டாடிய பாட்டுகளை நாங்கள் தாண்டிப் போனோம்; யாரும் திரும்பிப் பார்க்காத பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தோம். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர்களும் எளியவை. உறையின் நிறம், பின்பக்கத்தில் எத்தனையாவது பாட்டு, அவ்வளவுதான். நீலம் ஆறு. மஞ்சள் இரண்டு. பச்சை நாலு.

நாங்கள் நான்கு பேர். முதலாளி, லென்ஸ் தேய்க்கும் பெரியக்கா, பிரேம்களுக்குத் திருகாணி முடுக்கி முடுக்கி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்ட திருகாணி அண்ணன், லென்ஸின் அளவு சரிதானா என்று கருவியில் வைத்துப் பார்த்து அனுப்புகிற நான். முன்பு சில காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் என்னை எல்லோரும் டீச்சர் என்பார்கள்.

"ஹிட் பாட்டுன்னா விருந்தாளி மாதிரி," என்பார் முதலாளி. "சட்டையை இஸ்திரி போட்டு, சென்ட் அடிச்சுக்கிட்டு வரும். பின்பக்கத்துப் பாட்டு வீட்டு மனுஷன். பனியனோட உட்கார்ந்து நகம் வெட்டிக்கிட்டிருக்கும். அதுகிட்டதான் நிஜம் தெரியும்."

"அதனாலதான் சார் அது விக்கலை," என்பார் திருகாணி அண்ணன். "நகம் வெட்டறதை யாரு காசு குடுத்துப் பார்ப்பான்?"

முதலாளிக்குப் பிடித்தது ஒரு சின்னத் தட்டின் முதுகுப் பக்கம். முன்பக்கத்துப் பாட்டை விற்பதற்காக ஏதோ ஒன்றைப் பின்னால் போட வேண்டுமே என்று போகிற போக்கில் வாசித்தது போலிருக்கும். கிதார்க்காரர் தவறான இடத்தில் தொடங்கிவிடுவார், எல்லோரும் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள். அந்தச் சிரிப்பை அவர்கள் வெட்டி எறியவில்லை. திருகாணி அண்ணனுக்கு மஞ்சள் இரண்டு. அதில் வழக்கமான பாடகருக்குப் பதில் வேறொருவர் பாடுவார். பயந்து பயந்து, வாடகை வீட்டில் ஆணி அடிப்பவரைப் போல. எனக்கு நீலம் ஆறு. தட்டின் கடைசிப் பாட்டு அது. எல்லா வாத்தியங்களும் ஓய்ந்த பின்பும் ஆர்கன் மட்டும், விளக்கை அணைக்க மறந்த அறையைப் போல, சற்று நேரம் எரிந்துகொண்டிருக்கும்.

பெரியக்காவுக்குப் பச்சை நாலு. அதில் பேச்சே கிடையாது. எங்கள் இருப்பில் அப்படிப் பேச்சில்லாத பாட்டுகள் மூன்று இருந்தன. மூன்றிலும் அதுதான் அழகு. முரசு மெதுவாக நடந்து வரும், ஆர்கன் அதற்குப் பாய் விரிக்கும், பிறகு கிதார் ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும். யாரோ வந்து பதில் சொல்லட்டும் என்று இடம் விட்டது போல ஒரு வெற்றிடம். மீண்டும் ஒரு வரி. மீண்டும் ஒரு வெற்றிடம். இவ்வளவு மரியாதை தெரிந்த பாட்டை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் கூரியர் அண்ணன் நுழைந்தார்.

லென்ஸ் பொட்டலங்களைக் கொண்டுவருபவர் அவர். மனைவியை இழந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலைக்குப் போகும் மகள் ஒருத்தி இருந்தாள். பச்சை நாலு ஓடும் வேளையில் வந்துவிட்டால், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாட்டு முடியும் வரை வாசலிலேயே நிற்பார். ஒருநாள் அந்த வெற்றிடத்தில் மெல்ல விசில் அடித்தார்.

"அந்த எடத்துல அப்படிப் போகாது," என்றார் பெரியக்கா, சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பின்னே எப்படிங்க போகும்?"

அக்கா வாயைத் திறக்காமல் முனகிக் காட்டினார். அது கீழே போயிற்று. இவருடையது மேலே போயிற்று. அடுத்த வெற்றிடத்தில் இருவரும் தத்தம் கட்சியை விடாமல் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டும் சண்டை போடலையே," என்றார் திருகாணி அண்ணன். "அப்போ சேர்த்து வெச்சிட வேண்டியதுதான்."

"உன் வாய்க்கு ஒரு திருகாணி போடணும்," என்று அக்கா சொன்னார். ஆனால் அவர் காது மடல் சிவந்திருந்ததை அளவு பார்ப்பவளான நான் கவனித்தேன்.

அதன் பிறகு பொட்டலம் இல்லாத நாட்களிலும் அவர் வரத் தொடங்கினார். "இந்தப் பக்கமா வந்தேன்" என்பார். எங்கள் தெரு முட்டுச் சந்து. இந்தப் பக்கமாக வந்து வேறு எங்கும் போக முடியாது. பிறகு ஒருநாள், பச்சை நாலு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தபோது, "பாட்டுதான் ஒண்ணும் பேச மாட்டேங்குது. நானாவது பேசிடறேன்," என்று தொடங்கி, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அக்காவைக் கேட்டேவிட்டார். தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தன் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதைக் கண்டவர் எங்கள் அக்கா. சக்கரத்தை நிறுத்தினார். ஓடும் சக்கரத்தை வேலை நடுவில் அவர் நிறுத்தி நாங்கள் பார்த்ததே இல்லை.

"தேய்ச்சு முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றார். முடித்துவிட்டுச் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு ஓர் அச்சகத்தின் மாடியிலுள்ள சிறிய அரங்கில் மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று. அக்கா என்னிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அவர்கள் இருவரும் அரங்குக்குள் நுழையும்போது பச்சை நாலு ஒலிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் மகிழ்ச்சியுடன் ஏற்றேன்.

மகிழ்ச்சியில் ஒரே ஒரு முள். கூரியர் அண்ணனின் மகள் தன் அப்பாவிடம், "உங்க சந்தோஷம்தாம்பா முக்கியம். நான் வர்றேன். ஆனா உட்கார்ந்து சாப்பிடச் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டாளாம். கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அமைதியாகச் சொன்னாள் என்பதுதான் அண்ணனை வருத்தியது. அதை அவர் அக்காவிடம் மறைக்கவில்லை.

திருமணத்துக்கு முதல் நாள் நண்பகல், தட்டையும் அதை ஓட்டும் சுழல்மேடையையும் தூக்கிக்கொண்டு நான் அரங்குக்குப் போனேன். ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்யத் தெரியாதவள் நான். அங்கே மைக்செட்காரர் ஒருவர் இருந்தார். மேடையின் இரு பக்கமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள். எங்கள் பட்டறையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்குவது ஒரே ஒரு பெட்டி. சுழல்மேடையோடு அது ஒன்றுதான் வந்தது. இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதே என்று ஒருமுறை நான் கேட்டபோது, "பட்டறை என்ன விளையாட்டு மைதானமா?" என்று முதலாளி கேட்டார், அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஊசியை வைத்தேன். முரசு நடந்து வந்தது. ஆர்கன் பாய் விரித்தது. கிதார் தன் வரியைச் சொல்லிவிட்டு ஒதுங்கியது. அப்போது என் வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆண் தொண்டை கிழியக் கத்தினான்.

யாரோ அரங்குக்குள் வந்துவிட்டார்கள் என்று எண்ணி, "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்வதற்காகத் திரும்பினேன். யாருமில்லை. வலது பக்கத்துப் பெட்டிதான் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். அன்று புரியாமலே இருந்திருக்கலாம். உன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போ என்றான். என் வாசலில் நிற்காதே என்றான். உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிட மழையில் நிற்பது மேல் என்றான். எங்கள் அருமையான வெற்றிடங்கள் ஒவ்வொன்றிலும் அவன் வந்து நின்று, யாரோ ஒருத்தியை விரட்டிக்கொண்டிருந்தான்.

"பழைய தட்டுல சிலது இப்படித்தாம்மா," என்றார் மைக்செட்காரர், வெகு சாதாரணமாக. "வாத்தியத்தையெல்லாம் இடது பெட்டிக்குத் தள்ளிட்டு, பாடறவனை வலது பெட்டியில தனியா நிறுத்திடுவாங்க. ஒரு பெட்டியை மட்டும் வெச்சுக் கேட்டா, பாதி ஆளுங்க வந்திருக்கறதே தெரியாது."

தொலைபேசியில் அழைத்ததும் முதலாளி ஓடிவந்தார். அடுக்கி வைத்த நாற்காலிகளின் மேல் சாய்ந்துகொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். காதுக்குச் செய்ய வேண்டியதைக் கண்ணுக்குச் செய்தார் பாவம்.

"என் பட்டறையில ஒருத்தன் இத்தனை வருஷமாக் கத்திக்கிட்டிருந்திருக்கான் டீச்சர். நம்ம யாருக்கும் கேக்கலை."

"வேறு யாராவது நம்மகிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"யாரு சொல்லுவா? ஊருக்குத் தெரிஞ்ச பாட்டா இருந்தா, 'என்னய்யா, பாடறவனைக் காணோம்'னு வர்றவன் போறவன் கேட்டிருப்பான். யாருக்கும் தெரியாத பாட்டாப் பார்த்துப் பார்த்துப் போட்டோம். நம்மளத் தவிர இதைக் கேட்டவன் எவன் இருக்கான்?" அவர் குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று எனக்கு ஐயம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வலது பெட்டி ஒயரை உருவி விட்டுடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி காரியம் முடியட்டும்."

"அக்காகிட்ட சொல்லிட வேண்டாமா?"

"உங்களால சொல்ல முடியும்னா சொல்லுங்க."

சொல்லிவிடுவது என்றுதான் பட்டறைக்குத் திரும்பினேன். அக்கா அன்றும் வேலைக்கு வந்திருந்தார். தனக்கே ஒரு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார், நாளைக்கு அணிவதற்காக. என்னைக் கண்டதும் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு என்னை எந்த முறையும் வெச்சுக் கூப்பிட வேண்டாம். எனக்கு அதெல்லாம் ஆசையில்லை. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனா போதும். வெறும் வயித்தோட எழுந்து போயிட்டான்னா, நாளைப்பின்னே அந்த வீட்டு அடுப்பை நான் எந்தக் கையால பத்த வெப்பேன்?"

இப்படிக் கேட்பவரிடம், உங்கள் பாட்டில் ஒருவன் 'வெளியே போ' என்கிறான் என்று எப்படிச் சொல்வது? "எல்லாம் நல்லபடியா நடக்கும் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அளவுக் கருவியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் அரங்கு நிறைந்தது. இரு வீட்டுச் சொந்தங்கள், தெருக்காரர்கள், கூரியர் அலுவலகத்து ஆட்கள், பழைய வாடிக்கையாளர்கள். வலது பெட்டியின் பின்னாலிருந்த ஒயரை நான் முன்னதாகவே உருவி, சுவரோரமாகத் தொங்க விட்டிருந்தேன். மகள் வந்தாள். காலியாக இருந்த நாற்காலிகளையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில், வலது பெட்டிக்குப் பக்கத்தில், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவளைப் போலக் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூரியர் அண்ணனின் அக்காவான அவளுடைய அத்தை, நாலு வரிசை தள்ளியிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இருவரும் தெரிந்ததும் நான் ஊசியை வைத்தேன்.

முரசு நடந்தது, அவர்களும் நடந்தார்கள். அக்காவின் புதுக் கண்ணாடி பளபளத்தது. முதல் வெற்றிடம் வந்தபோது அண்ணன், பழக்க தோஷம், உதட்டைக் குவித்து விசில் அடித்தார். அக்கா வாயைத் திறக்காமல் முனகினார். பட்டறையில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "பார்த்தீங்களா" என்றார்.

அப்போது அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள். பக்கத்திலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. நாள் முழுவதும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவளுக்கு, ஒரு பக்கம் செத்துப்போனால் உடனே தெரிந்துவிடும் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். எட்டிப் பார்த்தாள். தொங்கும் ஒயர் கண்ணில் பட்டது. அரங்கின் மறுகோடியிலிருந்து நான் பதறிப்போய் இரு கைகளையும் ஆட்டினேன். நான் உதவி கேட்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். அந்த நாளில் முதல் முறையாக, இலேசாகப் புன்னகை செய்து, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பது போலத் தலையசைத்து, ஒயரைச் சொருகினாள்.

"வெளியே போ!" என்று கத்தினான் அவன்.

மணமக்கள் அரங்கின் நட்டநடுவில் நின்றுவிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் முகம் முதலில் மாறியது. அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். வரிசை வரிசையாக முகங்கள் மாறிக்கொண்டே போயின. அவனோ அதற்குள் துணிப்பெட்டியைத் தூக்கச் சொல்லி, வாசலுக்கு வந்து, மழையையும் தொட்டுவிட்டான்.

"பார்த்தியா?" என்ற அத்தையின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "சும்மா உட்கார்ந்திருக்காளேன்னு நெனச்சேன். வந்த வேலையை முடிச்சுட்டா."

அந்தப் பெண் ஒயரைப் பிடித்தபடியே எழுந்து நின்றாள். முகத்தில் இரத்தமில்லை. "அப்பா, நான் வந்து…" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆனால் 'இப்படிச் செய்துவிட்டாயே' என்று இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

நான் கூட்டத்தில் குரல் உயர்த்தி அறியாதவள். எப்படி அரங்கின் நடுவுக்கு வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் தயவுசெய்து மன்னிக்கணும்," என்றேன். "அந்த ஒயரை உருவினது நான்."

"உன் மூஞ்சியைக் காட்டாதே," என்றான் அவன் பெட்டியிலிருந்து.

"அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. ஒரு பெட்டி வேலை செய்யலையேன்னு உதவி பண்ணினாங்க. இந்தப் பாட்டுல பாடறவர் ஒருத்தர் இருக்கார்ங்கறது எங்க பட்டறையில யாருக்கும்…"

"போ, போ, போ," என்றான் அவன்.

"டீச்சர்," என்றார் திருகாணி அண்ணன், "முதல்ல அந்தாளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க, நீங்க பேசறது கேக்கலை."

சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஒயரைப் பிடுங்கப் போனாள்.

"இரும்மா, எடுக்காதே," என்றார் பெரியக்கா.

அண்ணனின் கையை விட்டுவிட்டு அவர் பெட்டியருகே வந்தார். ஓடும் சக்கரத்தில் பிசிறு கேட்கிறதா என்று பார்ப்பாரே, அதுபோலக் காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"யாரு இவன்?"

"பாடறவருங்க," என்றாள் அவள், மெல்ல.

"நம்ம பாட்டுலயா?"

"ஆமா. முதல்லேர்ந்தே இந்தப் பக்கம் இருந்திருக்கார்."

"என்ன சொல்றான்?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அப்பாவின் வீட்டுக்குள் அன்று கால் வைக்கப் போகிற பெண்மணியிடம், 'இந்த வீட்டை விட்டு வெளியே போ' என்பதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் நழுவினால் அத்தை சொன்னது உண்மையாகிவிடும்.

"யாரோ ஒருத்தரை… வீட்டை விட்டுப் போகச் சொல்றார்."

"எதுக்காம்?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். "காரணம் சொல்ல மாட்டேங்கறாருங்க. கத்திக்கிட்டே இருக்கார்."

"காரணமே இல்லாமக் கத்தறானா?" அக்கா பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்தது. அவள் சிரிப்பதைக் கண்டு அண்ணன் தலைமேல் இருந்த மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல மூச்சு விட்டார்.

"ஏம்பா, இத்தனை வருஷமாப் பாதிப் பாட்டைத்தான் கேட்டீங்களா?"

"பாதின்னு தெரிஞ்சாத்தானே," என்றார் அவர். "அங்கே இடம் காலியா இருந்துச்சு. நாங்க உட்கார்ந்துட்டோம்."

அவள் ஒயரைப் பிடுங்கினாள். பாதிச் சொல்லில் அவன் அடங்கினான். நேராகச் சுழல்மேடைக்கு நடந்து வந்து, "நீங்க நகருங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்," என்றாள். பிறகு மணமக்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் வாசலுக்குப் போங்க. மறுபடி வாங்க," என்றாள். "இந்தத் தடவை யாரும் குறுக்கே வர மாட்டாங்க."

"அந்தாளையும் வேணும்னா விடும்மா," என்றார் அக்கா. "பாவம், தனியா நிக்கறான்."

"அவருக்கு அப்புறமாப் பந்தி வெச்சுக்கலாம்."

இருவரும் வாசலுக்குப் போய் மறுபடியும் நடந்து வந்தார்கள். ஊசியை வைத்தவள் அந்தப் பெண். அண்ணன் விசில் அடித்தார், அக்கா முனகினார். இந்த முறை திருகாணி அண்ணனும் சேர்ந்துகொள்ளப் பார்க்க, முதலாளி அவர் தொடையில் கிள்ளினார்.

சாப்பாடு தொடங்கியது. முதலாளியால் பொறுக்க முடியவில்லை. பேச்சில்லாத மற்ற இரண்டு பாட்டுகளின் கதி என்ன என்று தெரிந்தாக வேண்டுமாம். ஆளை அனுப்பித் தட்டுகளை வரவழைத்துவிட்டார். இரண்டு பெட்டிகளையும் இணைத்துக் கேட்பதென்றால், ஆங்கிலம் சரியாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். "நீ கொஞ்சம் இருந்து சொல்லிட்டுப் போம்மா," என்றார் அவர், குழந்தையைப் போல. அவள் கைப்பையை மேசையின் கீழே வைத்தாள்.

முதல் தட்டின் வலது பெட்டியில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஊரை விட்டுப் போன ஒரு பேருந்து ஓட்டுநரைப் பற்றி மிகவும் கோபமாகப் பாடினார்கள். "மூணு பேருமேவா?" என்று திருகாணி அண்ணன் வியந்தார். "நல்லா ஓட்டியிருக்கான்யா." முதலாளி உணர்ச்சிவசப்பட்டு, பட்டறைக்கு நாளைக்கே இரண்டாவது பெட்டி வாங்கிவிடுவதாகச் சொன்னார். "வேண்டாம் சார்," என்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இதற்கிடையில் பெரியக்கா இரண்டு தட்டுகளில் சாப்பாட்டோடு வந்தார். ஒன்றைச் சுழல்மேடையின் பக்கத்தில், ஊசிக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தார். உட்கார் என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போடவில்லை. இன்னொரு தட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மணப்பெண் என்றும் பாராமல், அவளுக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார். அத்தை தூரத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூரியர் அண்ணன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி இனிப்பை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் கடைசித் தட்டை மாட்டி ஊசியை இறக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே, ஒரு வாய் எடுத்து உண்டாள். பிறகு இன்னொரு வாய்.

இருவரும் வலது பெட்டியைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றார்கள். இடது பெட்டியில் முரசு. வலது பெட்டியில் ஒரு புல்லாங்குழல். வெற்றிடம் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

"யாரும் வரலையே," என்றார் பெரியக்கா.

"இதுல யாரும் இல்லை போலிருக்குங்க."

"நல்லதாப் போச்சு. நீ சாப்பிடு."